மடியில் கனம்

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

தமிழில் ‘மடி’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. பசுவுக்குப் பால் சுரக்கும் இடம் மடி. தாய் குழந்தையைக் கிடத்திக்கொள்ளும் இடம் மடி. சேலையிலும் வேட்டியிலும் காசை முடிந்து வைக்கும் இடமும் மடி. சோம்பலுக்கும் மடி என்றே பெயர். வள்ளுவர் ‘மடி இன்மை’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். இக்கட்டுரையில் நான் பேச வந்தது பசுவின் மடியைப் பற்றி. ஆனால் மற்ற மடிகளைத் தொடாமல் அதைப் பேசிவிட முடியாது என்பதை, படித்து முடிக்கும்போது நண்பர்கள் உணர்வார்கள்.

நான் முடிச்சூரிலிருந்து வருகிறவன். எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள். காலையில் தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடிக்கும் முன்பு சாணம் அள்ளி, கொட்டகையைக் கழுவி, ஆறு வீடுகளுக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிறேன். என் சட்டையில் மாட்டு வாடை வீசுவதாகக் கேலி செய்த நண்பர்கள் இக்கல்லூரியில் உண்டு. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவர்கள் காலையில் குடித்துவிட்டு வந்த காப்பியிலும் யாரோ ஒருவருடைய கொட்டகையின் உழைப்பு கலந்திருக்கத்தான் செய்கிறது.

பாலில் தண்ணீர் கலப்பதைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய செய்தி ஒன்று பாலில் கலந்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுதான் மடிநோய். அதற்குப் போடும் ஊசி மருந்து பாலோடு சேர்ந்து நம் வீட்டுக்கு வருவது அதன் பின்பாதி. இரண்டையும் நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் கொட்டகையில் கண்டேன்.

செவலைக்கு வந்த நோய்

எங்கள் மாடுகளில் ஒன்று ஜெர்சி கலப்பினம். நிறத்தை வைத்துச் செவலை என்று கூப்பிடுவோம். 2023ஆம் ஆண்டு நவம்பரில் அது கன்று போட்டது. நாளொன்றுக்கு எட்டு லிட்டர் கறந்துகொண்டிருந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. முடிச்சூருக்கும் பக்கத்து வரதராஜபுரத்துக்கும் வெள்ளம் புதிதல்ல. 2015 டிசம்பரில், ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது அடையாறு எங்கள் தெருக்களின் வழியாகவே ஓடியது. அப்போது நான் சிறுவன். 2023இல் நானே மாடுகளை அவிழ்த்து, முழங்கால் தண்ணீரில் ஓட்டிச் சென்று, கட்டி முடியாத ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் கட்டினேன். அங்கே ஏற்கெனவே வேறு வீட்டு மாடுகளும் நின்றிருந்தன. தண்ணீர் வடிந்த பிறகும் ஐந்தாறு நாள் தரை காயவில்லை. சாணமும் கோமியமும் சேறுமாகக் கிடந்த இடத்தில்தான் அவை படுத்தன.

வீட்டுக்குத் திரும்ப ஓட்டி வந்த மறுநாள் காலை, கறக்க உட்கார்ந்த அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இடப்பக்கப் பின்காம்பும் அதற்கு மேலுள்ள மடியும் கல்போல் இறுகியிருந்தன, தொட்டால் சுட்டது. தொட விடாமல் மாடு உதைத்தது. பீய்ச்சிப் பார்த்தால் பால் திரிதிரியாக, திரிந்த பால்போல் வந்தது.

“யார் கண்ணு பட்டுச்சோ” என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். ஒரு நாள் போயிற்று. இரண்டாம் நாள் அக்கம்பக்கத்தில் மாட்டுக்கு ஊசி போடும் ஒருவரை அழைத்து வந்தோம். முறையாகப் படித்த மருத்துவர் அல்லர். கூப்பிட்டால் உடனே வருவார், அவ்வளவுதான். மூன்று நாள் ஊசி போட்டார். பாலை என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தயிர் தோயாத கதை

நான் வெட்கத்தோடு எழுத வேண்டிய பகுதி இது. அந்த நாட்களில் நோய் கண்ட காம்பின் பாலைத் தனியாகப் பீய்ச்சிக் கொட்டினோம். மற்ற மூன்று காம்புகளின் பாலை வழக்கம்போல் வீடுகளுக்கு ஊற்றினோம். “கெட்டது ஒண்ணுதானே, மத்ததுல என்ன இருக்கு?” என்பது அம்மாவின் எண்ணம். எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் வெள்ளத்தில் நனைந்து அழுகிய வைக்கோலுக்குப் பதில் புது வைக்கோலைக் கடனுக்கு வாங்கியிருந்த வாரம் அது. கொட்டிவிடு அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்களிடம் பால் வாங்கும் வீடுகளில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் வீடும் உண்டு. டீச்சரம்மா என்றுதான் தெருவில் எல்லோரும் கூப்பிடுவோம். மூன்றாம் நாள் காலை அவர் வாசலில் நின்றிருந்தார்.

“என்னப்பா, உங்க பாலுக்கு உறை ஊத்தினா தோயவே மாட்டேங்குது. மழைக் குளிருன்னு நெனச்சேன். ஆனா பக்கத்து வீட்டுல பாக்கெட் பால் நல்லாத் தோய்ஞ்சிருக்கே?”

நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். ரயிலில் போகும்போதே விடை புரிந்தது. பாலைத் தயிராக்குவது நுண்ணுயிர். நோய்க்கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து அந்த நல்ல நுண்ணுயிரையும் விட்டுவைக்காது. பாலில் மருந்து எஞ்சியிருக்கிறதா என்று ஆய்வகங்களில் பார்க்கும் சோதனைகளில் ஒரு வகை இதே தத்துவத்தில் அமைந்ததுதான். பாலில் கலந்த மருந்து, அதில் விட்ட கிருமியை வளரவிடாமல் தடுக்கும். டீச்சரம்மாவின் தயிர்ப் பானை அன்று எங்களைச் சோதித்த ஆய்வகம் ஆயிற்று.

சதையிலோ நரம்பிலோ போட்ட மருந்து இரத்தத்தோடு கலந்து நான்கு காம்புகளுக்குமே போகிறது. ஒரு காம்பின் பாலைக் கொட்டிவிட்டு மூன்றின் பாலை விற்றது அறியாமை. சந்தேகம் வந்த பிறகும் கேளாமல் இருந்தது அறியாமை அன்று. ‘மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்’ என்பது பழமொழி. அன்று மாலை டீச்சரம்மா வீடு இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் நான் வீட்டுக்குப் போனேன்.

இரவு அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை கறந்த பால் முழுவதையும் தென்னை மரத்தடியில் ஊற்றினார். கடைசி ஊசிக்குப் பின் நான்கு நாள் அப்படியே செய்தார். தாமே போய் ஆறு வீடுகளிலும் காரணத்தைச் சொன்னார். டீச்சரம்மா நான்கு நாள் பாக்கெட் பால் வாங்கினார். ஐந்தாம் நாள் வழக்கம்போல் பாத்திரத்தை வாசலில் வைத்தார். இரண்டு வீட்டார் திரும்ப வரவே இல்லை. உண்மையைச் சொன்னதற்கு எங்களுக்குக் கிடைத்த கூலி அது.

அந்தக் காம்பு பிழைக்கவில்லை. இன்று செவலை மூன்று காம்பு மாடு.

நோய் வரும் வழி

மடிநோய் கண்ணேறு அன்று; கிருமியால் வருவது. காம்பின் நுனியில் ஒரு சிறு துளை இருக்கிறது. அதை ஒட்டிய தசை சுருக்குப்பையின் வாய்போல் அதை இறுக மூடி வைத்திருக்கிறது. கறக்கும்போது அது திறக்கிறது; கறந்து முடித்ததும் உடனே மூடிக்கொள்வதில்லை. முழுவதும் மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மாடு சாணத்திலோ சேற்றிலோ படுத்தால் கிருமிக்கு வாசற்கதவைத் திறந்து வைத்தது போலாகும்.

கிருமிகளில் இரண்டு வகை. ஒன்று தரையிலும் சாணத்திலும் வாழ்வது. எஷ்சரிச்சியா கோலி அவ்வகை. மற்றொன்று மடியிலிருந்து மடிக்குத் தாவுவது. ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் அதில் முதன்மையானது. இந்த இரண்டாம் வகை ஏறிவரும் வண்டி எது தெரியுமா? கறப்பவரின் கைதான்.

எங்கள் பக்கத்தில் கறவைக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து நான்கைந்து வீடுகளில் கறந்துவிட்டுப் போவது வழக்கம். ஒரு வீட்டு மாட்டைக் கறந்த கையோடு அடுத்த வீட்டு மாட்டுக்குப் போவார். காம்பு வழுக்குவதற்காக முதல் பீய்ச்சுப் பாலிலேயே விரலை நனைத்துக்கொள்வார். கட்டைவிரலை மடக்கி, அதன் கணுவால் காம்பை நசுக்கி இழுப்பார். மூன்றுமே தவறு. முதலாவது நோயைச் சுமக்கிறது. இரண்டாவது அதைப் பூசுகிறது. மூன்றாவது காம்பின் உட்புறத்தைப் புண்ணாக்கி நோய்க்கு இடம் பண்ணித் தருகிறது. ஐந்து விரலாலும் காம்பை முழுமையாகப் பிடித்து, உலர்ந்த கையால், ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் ஒட்டக் கறப்பதே முறை. ‘ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற’ என்று சொல்லி வைத்த நம் முன்னோர், கையைக் கழுவிக் கற என்பதையும் ஒரு பழமொழியாக்கி வைத்திருக்கலாம்.

கறந்து முடித்ததும் மாட்டுக்குத் தீவனம் வைக்க வேண்டும். தின்னும் மாடு நிற்கும்; நிற்கும் நேரத்தில் துளை மூடிக்கொள்ளும். காம்பை அயோடின் கரைசலில் ஒருமுறை முக்கி எடுத்துவிட்டால் பாதுகாப்பு இன்னும் கூடும். அடுத்த கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பாகவே கறவையை நிறுத்தி மடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அப்போது மருத்துவரிடம் காட்டி, தேவையானால் காம்பினுள் மருந்து வைத்து மூட வேண்டும். இவையெல்லாம் நேற்று வந்த செய்திகள் அல்ல. இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு அருகே இருந்த பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தார் 1960களில் ஐந்து அம்சங்கள் கொண்ட திட்டம் ஒன்றை வகுத்தார்கள். காம்பை முக்கி எடுத்தல், வற்றும் காலத்து மருந்து, நோய் கண்டவுடன் சிகிச்சை, தீராத நோய்கொண்ட மாட்டை நீக்குதல், கறவை இயந்திரத்தைச் சீராக வைத்தல் என்பவை அவை. இயந்திரத்துக்குப் பதில் கை என்று மாற்றிக்கொண்டால் அத்திட்டம் முடிச்சூருக்கும் மாடம்பாக்கத்துக்கும் அப்படியே பொருந்தும்.

கண்ணுக்குத் தெரியாத நோய்

செவலைக்கு வந்தது வெளிப்படையான நோய். மடி வீங்கியது, சுட்டது, பால் திரிந்தது, நாங்கள் ஓடினோம். இதைவிடப் பரவலானதும் இதைவிட நட்டம் தருவதும் வேறொன்று. அதில் மடி வீங்காது. பாலின் நிறம் மாறாது. மாடு நன்றாகத் தின்னும். பால் மட்டும் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று குறையும். ‘தீவனம் பத்தவில்லை’, ‘வெயில் அதிகம்’ என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்வோம். இதற்கு மறைமுக மடிநோய் என்று பெயர். இந்த மறைநோய் கொண்ட மாடுதான் பக்கத்து மாட்டுக்கும் சத்தமில்லாமல் நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க முடியாதா? முடியும். கிருமி நுழைந்ததும் அதை எதிர்க்க உடம்பின் வெள்ளணுக்கள் மடிக்குள் திரள்கின்றன. நல்ல மடியில் ஒரு மில்லிலிட்டர் பாலில் இரண்டு லட்சத்துக்குக் குறைவாகவே உடலணுக்கள் இருக்கும். நோயுள்ள மடியில் பல மடங்கு கூடும். சோப்பு வகைக் கரைசலைச் சேர்த்தால் அந்த அணுக்கள் உடைந்து, உள்ளிருக்கும் மரபுப்பொருள் வெளிவந்து, பால் கோழைபோல் திரள்கிறது. 1957இல் அமெரிக்காவில் உருவான கலிபோர்னியா மடிநோய்ச் சோதனையின் தத்துவம் இவ்வளவுதான்.

அதற்கென்று விற்கும் மருந்து கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை. துணி துவைக்கும் சோப்புத்தூளை நூறு மில்லிலிட்டர் தண்ணீருக்கு மூன்று கிராம் வீதம் கரைத்துக்கொள்ளலாம். நான்கு சிறு கிண்ணங்களில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே பீய்ச்சி, அதே அளவு கரைசலை ஊற்றிச் சுழற்ற வேண்டும். தண்ணீராகவே ஓடினால் நலம். கோழைபோல் தடித்தால் அந்தக் காம்பில் ஏதோ இருக்கிறது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். சோதித்த பாலைக் கீழே கொட்டிவிட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இதற்கு ஆகும் செலவு ஒரு தேநீரின் விலைகூட இல்லை. நேரம் ஐந்து நிமிடம். செவலையை இழந்த காம்போடு பார்த்த பிறகு, ஞாயிறுதோறும் நான் இதைச் செய்து வருகிறேன். சென்ற ஆண்டு எங்கள் மற்றொரு மாட்டில் ஒரு காம்புப் பால் இப்படித் தடித்தது; கண்ணுக்குத் தெரியும் முன்பே மருத்துவரிடம் காட்டினோம்; காம்பு பிழைத்தது.

நட்டத்தைக் கணக்கிலும் பார்ப்போம். பசும்பாலுக்கு ஆவின் தந்த விலை லிட்டருக்கு 35 ரூபாயாக இருந்தது. 2023 டிசம்பர் 18 முதல் மூன்று ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்து 38 ஆயிற்று. உழவர்கள் கேட்டுக் கேட்டுப் பெற்ற உயர்வு அது. எட்டு லிட்டர் கறக்கும் மாட்டுக்குப் பழைய விலையில் வருமானம் 280 ரூபாய். அதே மாடு மறைநோயால் ஏழு லிட்டராகக் குறைந்தால் புதிய விலையில் 266 ரூபாய்தான். போராடிப் பெற்ற மூன்று ரூபாயை நோய் விழுங்கி, மேலும் பதினான்கு ரூபாயையும் எடுத்துக்கொண்டு போகிறது. விலைக்காகக் கொடி பிடிக்கும் நாம், மடிக்காக ஒரு கிண்ணம் பிடிக்கக் கூடாதா?

பாலைக் கொட்டுவது யார் பொறுப்பு?

இப்போது என் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன்.

மருந்து கலந்த பாலை விற்கக் கூடாது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. எவ்வளவு நாள் நிறுத்த வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். மருத்துவரைக் கேட்டு அறிய வேண்டும். ‘காய்ச்சினால் எல்லாம் போய்விடும்’ என்பார் உண்டு. காய்ச்சினால் கிருமி சாகும். இம்மருந்துகளில் பெரும்பாலானவை போவதில்லை. அந்தச் சிறு அளவு மருந்து மக்கள் உடம்பில் தொடர்ந்து சேருமானால், நாளை நமக்கே நோய் வரும்போது மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகியிருக்கும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. 77 மாதிரிகளில் இத்தகைய மருந்துகள் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தன. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல்; குறைவுதான் என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அந்த வெள்ள வாரத்தில் எங்கள் குவளையை யாராவது சோதித்திருந்தால் அதுவும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும். புள்ளிவிவரத்தில் ஒன்று என்பது ஒரு வீட்டின் தயிர்ப் பானை.

விற்காதே என்று சட்டம் சொல்கிறது, சரி. கொட்டுகிறவளுக்கு யார் கொடுப்பார்கள்? நோய்ப்பட்ட மாடு நாளுக்கு ஆறு லிட்டர் கறந்தாலும் நான்கு நாளில் 24 லிட்டர். ஆவின் விலையிலேயே தொள்ளாயிரம் ரூபாய்க்கு மேல். ஊசி போட்ட நாட்களும் மருந்துச் செலவும் இதில் சேரவில்லை. பத்து மாடு, இருபது மாடு வைத்திருப்பவர் தாங்குவார். ஒரு மாட்டின் பாலைக் கொட்டி மற்றவற்றின் பாலை ஊற்றுவார். இரண்டு மாடு வைத்து அரிசி வாங்கும் வீட்டில் தொள்ளாயிரம் ரூபாய் என்பது பெரிய கனம். காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். மாடு செத்தால் காப்பீடு கிடைக்கும். காம்பு செத்தால் கிடைக்காது. கொட்டிய பாலுக்கோ எதுவுமே இல்லை. நேர்மையாக இருப்பதன் முழுச் செலவையும் ஏழையின் மடியில் கட்டிவிட்டு, அவள் நேர்மை தவறும்போது மட்டும் கைநீட்டிக் குற்றம் சொல்வது நியாயமா?

ஆகவே என் கருத்து இது: கொட்டிய பாலுக்கு ஈடு கொடுக்க ஒவ்வொரு பால் சொசைட்டியும் ஒரு சிறு நிதி வைக்க வேண்டும். நாளொன்றுக்கு ஆயிரம் லிட்டர் வாங்கும் சொசைட்டி லிட்டருக்குப் பத்துப் பைசா ஒதுக்கினால் நாளுக்கு நூறு ரூபாய். ஆண்டுக்கு 36,500 ரூபாய். எங்கள் செவலையைப் போன்ற நாற்பது மாடுகளுக்கு அது போதும். கால்நடை மருத்துவரின் சீட்டைக் காட்டினால், கொட்டிய நாட்களுக்குப் பணம் தரட்டும். எங்களைப் போல் வீடு வீடாக ஊற்றுவோரும் இந்தப் பயனுக்காகவே சொசைட்டியில் சேர்வார்கள். மருத்துவர் சீட்டு வேண்டும் என்று வைத்தால், சீட்டுத் தர முடியாத ஊசிக்காரரை நாடுவதும் தானே குறையும்.

ஏமாற்றுவார்களே என்று கேட்கலாம். ஏமாற்றுவோர் எங்கும் உண்டு. பத்துப் பைசாவில் நாலு பேர் ஏமாற்றட்டும். மருந்துப் பால் குடிப்பதைவிட அது மலிவு.

தரை வேண்டும்

தரையைப் பற்றி ஒரு சொல். முடிச்சூரைச் சுற்றிலும், கிழக்கே மாடம்பாக்கம், அகரம்தென் வரையிலும் ஒரு காலத்தில் வயலும் மேய்ச்சல் நிலமும் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று மனைகள். 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. மாட்டைத் தெருவில் விட்டால் அபராதம். அபராதம் விதிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். தெருவில் அலையும் மாட்டால் மனிதருக்கும் ஆபத்து, குப்பையிலிருந்து பிளாஸ்டிக்கைத் தின்னும் மாட்டுக்கும் ஆபத்து. ஆனால் மாட்டை உள்ளே கட்டு என்று சொன்னால் போதாது. பத்தடிக்குப் பத்தடி இடத்தில், வடிகால் இல்லாத தரையில் கட்டிய மாட்டின் மடி சாணத்தில்தான் கிடக்கும். மழைக்காலத்தில் மேடான இடத்தில் பொதுக் கொட்டகை ஒன்று, சிமெண்டுத் தரையும் வடிகாலும் தண்ணீர்க் குழாயும் கொண்டதாக, வட்டத்துக்கு ஒன்று அமைத்து நியாயமான வாடகை வாங்கட்டும். வெள்ளம் வரும் என்று தெரிந்த ஊரில் மனிதருக்கு முகாம் அமைக்கிறோம். மாட்டுக்கும் ஓர் உலர்ந்த இடம் அமைத்தால், அடுத்த வாரம் நம் தயிர் தோயும்.

நாம் செய்யக்கூடியது

அரசும் சொசைட்டியும் செய்வது ஒருபுறம் இருக்கட்டும். மாணவர்களாகிய நமக்கு வேலை இல்லையா?

அறிவுக்குப் பஞ்சமில்லாத பகுதி நம்முடையது. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. வண்டலூரைத் தாண்டினால் பெருஞ்சாலையிலேயே காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1962 என்ற எண்ணைக் கூப்பிட்டால் நடமாடும் மருத்துவ ஊர்தி உதவிக்கு வரும். அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புண்ணியமூர்த்தி நாட்டு மருந்துகளை முறைப்படுத்தி ஊரெங்கும் பரப்பினார். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, பாலை ஒட்டப் பீய்ச்சிவிட்டு, கழுவிய மடியில் நாளொன்றுக்குப் பலமுறை பூசும் முறையைத் தேசியப் பால்வள வாரியமும் எடுத்துச் சொல்லி வருகிறது. நோயின் தொடக்கத்திலேயே இதைப் பூசினால், ஊசியின் தேவையே குறையக்கூடும். மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டு, அவர் வரும்வரை சும்மா இராமல் இதைச் செய்யலாம். மாடு காய்ச்சல் கண்டு தீனி எடுக்காமல் நின்றால் மட்டும் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

இவ்வளவு இருந்தும் இந்தச் செய்தி பெருஞ்சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குள் வரவில்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம்மால் முடியும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் சாலை பெருக்குகிறோம், மரக்கன்று நடுகிறோம். நல்லவைதாம். இந்த ஆண்டு ஒருநாள், நான்கு கிண்ணமும் ஒரு புட்டிச் சோப்புக் கரைசலுமாகக் கறவை வீடுகளுக்குப் போவோம். விலங்கியல் மாணவர் சோதிக்கட்டும். பொருளியல் மாணவர் நட்டக் கணக்கு எழுதட்டும். தமிழ் மாணவர் கறக்கும் முறையை எளிய சொல்லில் ஒரு பக்கம் எழுதிக் கொட்டகைக் கம்பத்தில் ஒட்டட்டும். நம் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவரிடம், “மாட்டுக்கு ஊசி போட்டால் சொல்லுங்கள், நான்கு நாள் வேறு பால் வாங்கிக்கொள்கிறோம், ஐந்தாம் நாள் உங்களிடமே வருகிறோம்” என்று சொல்லி வைப்போம். அந்த ஒரு வாக்குறுதி இருந்திருந்தால் அன்று என் தாய் முதல் நாளே பாலைக் கொட்டியிருப்பார்.

செவலை இப்போது மறுபடி சினையாக இருக்கிறது. மூன்று காம்புகளும் நலம். கறவையை நிறுத்தி மடிக்கு ஓய்வு கொடுத்திருக்கிறோம். தரகர் வந்து பார்த்துவிட்டு, மூன்று காம்பு மாட்டுக்கு இவ்வளவுதான் என்று பாதி விலை கேட்டார். அம்மா விற்கவில்லை.

பசுவின் மடி நோயில்லாமல் இருந்தால் ஏழைத் தாயின் மடியில் நாலு காசு இருக்கும். அதற்குத் தடையாக நிற்பது இன்னொரு மடி; நம் எல்லோருடைய சோம்பல். அதை உதறுவோம்.